நான் இடம் மாற்றிய ஒரு தாள்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சிறப்பு மலரை வாசிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் பட்டதாரிகள், மீதிப் பேர் பட்டதாரிகளைப் பெற்றவர்கள். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

போன கோடையில் இங்கே ஜேர்மனியில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தேன். மியூனிக்கிலிருந்து வந்திருந்த ஒருவர், கணினி வேலை செய்பவர், என்னிடம் கேட்டார்: "அங்கிள், நீங்க ஆர்க்கைவ்ல வேலை பார்த்தீங்களாமே? என்ன, ஃபைல் மேல தூசி தட்டுற மாதிரியா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து, "ஓம், தூசியும் தட்டினனான்" என்றேன். கோபம் வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். முப்பத்தைந்து வருடம் ஒரு நகரத்தின் ஞாபகத்தைத் தூக்கிச் சுமந்தவன் நான். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியாத சங்கதி எனக்குத் தெரியும். எந்தத் தெரு முன்பு குளமாக இருந்தது, எந்தச் சந்தியில் இறைச்சிக்கடைக்காரர்கள் குடலைக் கொட்டி அபராதம் கட்டினார்கள், எந்தக் கோபுர மணி விரிசல் விட்டு மூன்று வருடம் ஊமையாகக் கிடந்தது, எல்லாம் சொல்லுவேன். மலர்க்குழுவினர் எழுதச் சொல்லிக் கேட்டதும் ஒப்புக்கொண்டது அதனால்தான்.

வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரைநகரில் என் தகப்பனார் வள்ளம் திருத்தும் தச்சர். பதினெட்டு வயதில் நான் கொழும்பில் கப்பல் சமையலறையில் ஏறினேன். 1962இல் பிறேமன் துறைமுகத்தில் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கப்பல் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. எழும்பினேன், துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், பிறகு றூர் நிலக்கரிச் சுரங்கப் பக்கத்தில் ஒரு நகரத்தில் காகிதக் களஞ்சியம் ஒன்றில் மூட்டை தூக்கினேன். நகரத்தின் பெயரை எழுதவில்லை. இதில் வருகிறவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள். அந்த நகரசபைக் காப்பகத்துக்கு அட்டைப் பெட்டிகள் இறக்கப் போனேன். கீழ்த்தளத்தில் பெட்டி தூக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். 1964இல் அந்த ஆள் நானானேன். யாரும் சிபாரிசு செய்யவில்லை. முதுகு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

காப்பகம் என்றால் நூலகம் அல்ல. நகரசபை எழுதிய, வாங்கிய, மறுத்த, கையொப்பம் வைத்த ஒவ்வொரு தாளும் கடைசியில் வந்து சேரும் இடம். நாங்கள் ஐந்து பேர் வேலை செய்தோம். தலைவர் ஹெர் வைட்மான். போரில் இடது கையை முழங்கைக்கு மேலே இழந்தவர். கோட்டுக் கையை மடித்து ஊசி குத்தியிருப்பார். கட்டுகளை இறுக்கியிருக்கும் நாடா முடிச்சுகளை ஒற்றைக் கையால், கட்டை விரலும் மோதிர விரலும் மட்டும் பாவித்து, இரண்டு கை உள்ள எங்களைவிட வேகமாக அவிழ்ப்பார். சத்தம் போடமாட்டார். பிழை விட்டால் "பிழை" என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டார். "ஹெர் துரை, இன்னொருக்கால் பாருங்கோ" என்பார். என் முழுப்பெயர் செல்லத்துரை. அதில் பாதிதான் அவர்கள் நாக்குக்கு வசப்பட்டது. அந்த "இன்னொருக்கால் பாருங்கோ" சாட்டையடியை விட மோசம்.

அவருடைய விதிகள் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். வாசிப்பு அறைக்குள் பேனா வரக்கூடாது, பென்சில் மட்டும். மேயர் வந்தாலும் பேனாவை வாசலில் வாங்கி ஒரு கண்ணாடிச் சாடிக்குள் போடுவார். ஒருவர் ஒரு பெட்டி கேட்டால் மூன்று படியாகச் சீட்டு எழுதவேண்டும். ஒன்று பெட்டியோடு போகும். ஒன்று ஹெர் வைட்மானின் மேசைக்கு. ஒன்றை மரப்பலகைத் துண்டு ஒன்றில் குத்தி, இறாக்கைத் தட்டில் பெட்டி இருந்த வெறும் இடத்தில் நிறுத்தவேண்டும். பெட்டி வரும்வரை பலகை அந்த இடத்தைக் காக்கும். பலகை வைக்காமல் பெட்டியை எடுத்தவன் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே போகமுடியாது. போய்த் தேடிப் பலகையை வைத்த பிறகுதான் ரொட்டி.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று இருந்தது. ஒரு அலுவலகம் தாள்களை எந்த ஒழுங்கில் கட்டி வைத்ததோ, அந்த ஒழுங்கு எங்களுக்கு எவ்வளவு மடத்தனமாகத் தெரிந்தாலும், அதைத் தொடக்கூடாது. திகதி முன்பின்னாக இருக்கலாம், கடிதத்துக்கு நடுவில் மளிகைச் சிட்டை இருக்கலாம். இருந்தபடியே இருக்கவேண்டும். "ஒரு தாள் என்ன சொல்லுது எண்டது பாதி விசயம், ஹெர் துரை. அது ஆருக்குப் பக்கத்தில கிடக்குது எண்டது மற்றப் பாதி" என்பார். இந்த விதியை அவர் எனக்கு விளக்கமாகச் சொன்னது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து. அந்த இரண்டு வருடத்துக்குள் நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் விசயம்.

அதற்கு முன் என் கெட்டித்தனத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

ஜேர்மன்காரர்களின் பழைய கையெழுத்து இன்றைய எழுத்து அல்ல. ஊசிகளைச் சாய்த்து வரிசையாகக் குத்தியதுபோல இருக்கும். போர்க்காலத்தில் பள்ளிகளில் அதை நிறுத்திவிட்டார்கள். அதனால் என் வயது ஜேர்மன்காரருக்கே தங்கள் பாட்டனார் எழுதிய கடிதத்தை வாசிக்க வராது. எனக்கோ எந்த ஜேர்மன் எழுத்தும் வராது. ஹெர் வைட்மான் மத்தியான இடைவேளையில் பத்து நிமிடம், பழைய வரிப் பட்டியல்களை வைத்து, பெயர் பெயராக வாசிக்கப் பழக்கினார். தொடக்கத்தில் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நான் பிழையாக எடுக்கக்கூடாது என்பதற்காகத்தான். எனக்கு மறக்கவேண்டிய புது எழுத்து ஒன்றும் இல்லாதபடியால் பழையது நேரே மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்றரை வருடத்தில் கொல்லன், தச்சன், விதவை, கடன், பன்றி எல்லாம் ஓடிவரும். மூன்று வருடத்தில் டொக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள் வாசிப்பு அறையிலிருந்து எழும்பி என் பெட்டி தள்ளும் வண்டிலுக்குப் பக்கத்தில் வந்து, "ஹெர் துரை, இது என்ன சொல்லாய் இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்பார்கள். நான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவசரப்படாமல் கையைத் துடைத்துவிட்டுச் சொல்வேன்.

பன்றி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நகரசபை உறுப்பினர் ஒருவர் தன் வம்சம் பெரிய வம்சம் என்று நிரூபிக்க, குடும்ப மரம் எழுத வந்தார். ஒரு கிழமையாகப் பெட்டி கேட்டார். கடைசியில் அவருடைய பூட்டனார் பெயரை நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். இரண்டாம் மாடிப் பரணில் பன்றி வளர்த்து, அது படியால் விழுந்து அயலவரின் காலை முறித்ததற்கு அபராதம் கட்டியவர் என்று பழைய அபராதப் பட்டியலில் இருந்தார். அவர் வாசித்தார். மூடினார். "வேறை பெட்டி இல்லையோ?" என்று கேட்டார். "இருக்கு. அதிலை ரெண்டாம் பன்றி" என்றேன். ஹெர் வைட்மான் அன்று முதல்முறை சிரித்ததைப் பார்த்தேன்.

இனி நான் செய்த காரியம். 1965 கோடையில் ஹெர் வைட்மான் கை நோவுக்கு ஆறு கிழமை வைத்தியத் தங்கலுக்குப் போனார். அவர் திரும்பும்போது கீழ்த்தளம் கண்ணாடிபோல இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. தூசி தட்டினேன், பெட்டி மாற்றினேன். பிறகு கைக்கு வந்த சில கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரே குழப்பம். 1884க்குப் பிறகு 1886, பிறகு மறுபடியும் 1884. புதிதாகத் திகதி வாசிக்கப் பழகியவனுக்கு அதைப் பார்க்கக் கை சும்மா இருக்குமா? உக்கிப்போன தையல் நூலைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். தாள்களைத் திகதி வாரியாக அடுக்கினேன். புது நாடாவால், எங்கள் ஊர் வள்ளக்கார முடிச்சுப் போட்டுக் கட்டினேன். நாலு கட்டு. நாலே கட்டு.

அவர் திரும்பி வந்து இறாக்கைகளைப் பார்த்தார். "சுத்தமாய் இருக்குது, ஹெர் துரை" என்றார். எனக்கு வானத்தில் நடப்பதுபோல இருந்தது. நூலை வெட்டியதைச் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று அல்ல. அது திறமான வேலை, தானாகத் தெரியும் என்று நினைத்தேன். அடுத்த வருடம் அந்தப் பகுதிக்குப் பட்டியல் புத்தகம் தயாரித்தார்கள். எந்தக் கட்டில், எந்தப் பத்திரத்தோடு, எந்தத் தாள் என்று வரிசையாகத் தட்டச்சு செய்து ஹெர் வைட்மான் கையொப்பம் வைத்தார். அதில் ஏறியது என் ஒழுங்கு. அதற்குச் சில மாதம் பிந்தித்தான் அந்த மேலான விதியை உட்காரவைத்து எனக்கு விளங்கப்படுத்தினார். கேட்டுக்கொண்டிருந்தபோது அந்த நாலு கட்டும் ஞாபகத்துக்கு வந்தன. வாய் திறக்கவில்லை. நாலு கட்டுத்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஆறு வருடம் ஒருவரும் கேட்கவில்லை.

1972 இலையுதிர் காலத்தில் ஃப்ரௌ நொவாக் என்ற அம்மா ஒருவர் கேட்டார்.

ஆற்றுப்பக்கம் பழைய நெசவாலையின் தொழிலாளர் வீடுகள் இருபத்திரண்டு, ஒரே வரிசையாக, பின்னால் சிறு தோட்டங்களுடன் இருந்தன. ஆலை எப்போதோ மூடிவிட்டது. வீடுகள் நகரசபைக்குச் சொந்தம். புதிய நாலுவழித் தெருவுக்காக அவற்றை இடிப்பதென்று திட்டம் வந்தது. குடியிருந்தவர்களுக்கு நகர எல்லையில் புது மாடிக் குடியிருப்பில் இடம் தருவதாகச் சொன்னார்கள். ஃப்ரௌ நொவாக்குக்கு அறுபது வயது இருக்கும். ஆலையில் நூல் சுற்றியவர். கணவர் நிலக்கரிச் சுரங்கத்தில் நெஞ்சு பழுதாகி, நாலு படி ஏறினாலே இளைப்பவர். பின்வளவில் பந்தயப் புறா வளர்த்தார்.

"எங்களுக்கு ஏழாம் மாடி தருகினமாம்," என்றார் அந்த அம்மா, சீட்டை எழுதிக்கொண்டே. "புறாவுக்குப் பெரிய வசதி. மனிசன் என்னெண்டு பறக்கிறது?"

"ஏறுபெட்டி இருக்கும்தானே?" என்றேன்.

"கிழமைக்கு ரெண்டு நாள் ஓடுமாம். மிச்சம் அஞ்சு நாளும் அவர் மேலயோ கீழயோ எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அவருடைய மாமியார் சாகும்வரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாராம்: ஆலை முதலாளியின் விதவை அந்த நிலத்தை நகரத்துக்குச் சும்மா கொடுக்கவில்லை, ஒரு நிபந்தனை எழுதிக் கொடுத்தாள், தாள் நகரசபையில் கிடக்கிறது. அதைத் தேடித்தான் வந்திருந்தார். அவர் கேட்ட கட்டை எடுக்கக் கீழே போனேன். இறாக்கையில் கை வைத்ததும் தெரிந்தது. நாடாவில் வள்ளக்கார முடிச்சு.

கட்டில் இருந்தது இவ்வளவுதான். அந்த விதவை நகரத்துக்கு மூன்று நிலம் நன்கொடையாகக் கொடுத்திருந்தாள். முதல் பத்திரம் 1884, தொழிலாளர் வீடுகளுக்கு. இரண்டாவது ஒரு குளியல் மடத்துக்கு. மூன்றாவது 1886, பள்ளி விளையாட்டுத் திடலுக்கு. இவற்றோடு, மூன்றாம் பத்திரத்துக்குப் பின்னால், தனித் தாள் ஒன்று. அதுவும் 1886. அதில் விதவையின் கையொப்பத்தோடு இப்படி: மேற்படி நிலம் என்ன பயனுக்குத் தரப்பட்டதோ அந்தப் பயனுக்கே இருக்கவேண்டும், மாறும் நாளில் அது என் வாரிசுகளுக்குத் திரும்பும்.

மேற்படி நிலம். எந்த நிலம்? தாள் சொல்லவில்லை. பக்கத்தில் எது கிடக்கிறதோ அதுதான்.

ஃப்ரௌ நொவாக் அந்தத் தாளைச் சுட்டி நகரசபைக்கு எழுதினார். பத்து நாளில் சபையின் சட்ட ஆலோசகர் பதில் அனுப்பினார். காப்பகத்தின் பட்டியல் புத்தகப்படி அந்தத் தாள் மூன்றாம் பத்திரத்தைச் சேர்ந்தது. அது விளையாட்டுத் திடலைப் பற்றியது. திடல் இன்றைக்கும் திடல்தான், ஆகவே நிபந்தனை மீறப்படவில்லை. வீடுகளைப் பற்றி ஒரு நிபந்தனையும் இல்லை.

அவர் கடிதத்தை வாசிப்பு அறை மேசையில் வைத்து வாசித்தார், நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "சரி. புறாவை வித்துப்போட்டுப் போவம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அந்தத் தாள் முதல் பத்திரத்தின் பின்பக்கத்தில் தைத்துக் கிடந்தது என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். நூல் அந்த இடத்தில் மட்டும் உக்காமல் இறுக்கமாக இருந்தது. இரண்டு தரம் கத்தரித்தது என் கைக்கு ஞாபகம் இருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் நகரத்தில் தமிழ் பேச ஒரே ஆள் சேவியர். திருநெல்வேலிப் பக்கம், தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ரயில் நிலையத்தில் நின்றபடி கோப்பி குடிப்போம். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணே, வாயைத் திறக்காதீங்க," என்றார். "உங்க பெர்மிட் வருஷா வருஷம் ரினியூ பண்ணணும். வேலையில ரிமார்க் விழுந்தா போலீஸ்ல என்ன சொல்லுவான்? அடுத்த கப்பல்ல ஏத்திருவான்."

"பேசாமல் இருக்க ஏலாது, சேவியர்."

"ஏன் ஏலாது? ஏழு வருஷமா முடிஞ்சுச்சுல்ல?"

கோப்பியைக் குடித்தேன்.

"சரி, சொல்றீங்கன்னே வச்சுக்குவோம்," என்றார் அவர். "நம்புவாங்களா? பட்டியல்ல ஒரு ஆபீசர் கையெழுத்துப் போட்டிருக்கார். அதுக்கு எதிரா, அஞ்சாங்கிளாஸ் படிச்ச பெட்டி தூக்குறவரு சொல்றாரு. ப்ரூஃப் என்ன?"

அந்தக் கேள்விதான் எனக்குப் பெரிய உதவி. பாசத்தில் கேட்டாரோ எரிச்சலில் கேட்டாரோ, இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். திங்கட்கிழமை காலை கட்டைத் திறந்து ஒவ்வொரு தாளாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தையல் துளை உதவவில்லை. அந்தக் காலத்து நகரசபை எழுத்தர் எல்லாவற்றையும் ஒரே அளவில் மூன்று குத்துக் குத்தித் தைத்திருந்தார். ஆனால் அந்தத் தனித் தாளின் கீழ் மூலையில் எள்ளளவு ஒரு துளை இருந்தது. பூச்சி அரித்தது. பலகைகளை அடுக்கி வைத்தால் பூச்சி ஒன்றைத் துளைத்து, அப்படியே ஒட்டிக்கிடக்கும் அடுத்த பலகைக்குள் போகும். தச்சன் மகனுக்கு இது பாடம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முதல் பத்திரத்தின் கடைசி இரண்டு தாளிலும் அதே மூலையில், அதே அளவில் துளை. மூன்றாம் பத்திரத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை. மூன்று தாளையும் சேர்த்து யன்னலில் பிடித்தேன். ஒரே துளையால் வெளிச்சம் வந்தது.

அப்படியே மூன்றையும் அட்டைக்குள் வைத்துக்கொண்டு ஹெர் வைட்மானின் அறைக்குப் போனேன். நின்றபடி சொன்னேன். கத்தரிக்கோலையும் சொன்னேன். நான் முடித்ததும் அவர் பென்சிலை மேசை விளிம்புக்குச் சமாந்தரமாக வைத்தார்.

"ஏழு வருசம்," என்றார்.

"ஓம்."

"மற்றக் கட்டுகள்?"

"இன்னும் மூண்டு. எதெது எண்டு தெரியும்."

"பட்டியலிலை என்ர கையொப்பம் கிடக்குது, ஹெர் துரை. வெட்டினது நீங்கள். பார்க்காமல் கையொப்பம் வைச்சது நான்." தாள்களை வாங்கி யன்னலடிக்குப் போனார். ஒற்றைக் கையால் மூன்றையும் சரியாகப் பொருத்திப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்தேன், அவர் பார்த்தார். பிறகு சொன்னார்: "போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ. அறிக்கை எழுதவேணும். ரெண்டு பேரும் கையொப்பம் வைக்கவேணும். உங்கட பெயர் மேலை வரும்."

நகரசபைக் குழு கூடியது ஒரு செவ்வாய்க்கிழமை. ஃப்ரௌ நொவாக்கும் தெருக்காரர் பத்துப் பேரும் சுவரோரம் வாங்குப் பலகையில் இருந்தார்கள். சட்ட ஆலோசகர் இளம் ஆள், முப்பத்தைந்து இருக்கும், நல்ல கோட்டு. அறிக்கையை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் என்ன படிச்சிருக்கிறியள்?"

"அஞ்சாம் வகுப்பு."

"எங்கை?"

"சிலோனிலை."

குழுவில் இரண்டொருவர் குனிந்து சிரித்தார்கள். அவர் தொடர்ந்தார். "அப்ப, எங்கட பாட்டன் காலத்துக் கையெழுத்தை நீங்கள் வாசிச்சு விளங்கினனீங்கள் எண்டு இந்தக் குழு நம்பவேணும்?"

"நம்பத் தேவையில்லை. கேக்கலாம்," என்றேன். முதல் பத்திரத்தை எடுத்து வாசித்தேன். நிறுத்தாமல், விதவையின் பெயர், எல்லைகள், ஆற்றங்கரை மதகு, வேலி, சாட்சிகள் எல்லாம். ஒரு பக்கம் முடிந்ததும் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "அடுத்த வரியை நீங்கள் வாசியுங்கோ, ஹெர் டொக்டர்."

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். வாங்கிலிருந்து ஃப்ரௌ நொவாக் சொன்னார்: "வெளிச்சம் காணாது போலை, யன்னலைத் திறந்துவிடுங்கோ." இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பெருமைக்காரன், மறைக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னொரு பிறவியும் பெட்டி தூக்குவேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவர் கெட்டித்தனமாகக் கேட்டார்: "வாசிக்கத் தெரியும், சரி. ஆனால் தாளை இடம் மாத்தினதும் நீங்கள்தானே? அப்ப பொய் சொல்லுறது அண்டைக்கோ, இண்டைக்கோ?"

"அண்டைக்குப் பொய் சொல்லேல்லை. மடத்தனம் செய்தனான்," என்றேன். "ஏழு வருசம் வாயை மூடிக்கொண்டிருந்தனே, அதுதான் பொய். அதுக்கு என்ன தண்டனை எண்டாலும் தாங்கோ. ஆனால் பூச்சிக்கு ஒரு வழக்கிலும் பங்கில்லை." மூன்று தாளையும் யன்னலில் பிடித்தேன். குழுவினர் ஒவ்வொருவராக எழும்பி வந்து துளையால் பார்த்தார்கள். பிறகு மூன்றாம் பத்திரத்தைப் பிடித்தேன். வெளிச்சம் வரவில்லை. சட்ட ஆலோசகர் கடைசியாக வந்து பார்த்தார். பார்த்துவிட்டு உட்கார்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

முடிவு அன்றைக்கு வரவில்லை. இந்த நாட்டில் எதுவும் அன்றைக்கே வராது. வெளியிலிருந்து ஒரு நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவரும் அதையே சொன்னார், ஒரு மாதம் எடுத்து, இருபது பக்கத்தில். நிலம் வாரிசுகளுக்குத் திரும்பினால் தெருவும் இல்லை, நிலமும் இல்லை என்று சபை கணக்குப் பார்த்தது. தெருவை ரயில் பாதைப் பக்கம் தள்ளிப் போட்டார்கள். இருபத்திரண்டு வீடும் நின்றன. ஃப்ரௌ நொவாக்கின் கணவர் இன்னும் மூன்று வருடம் தரைத்தளத்தில், புறாக் கூட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துதான் கண்ணை மூடினார்.

எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. எழுதியது ஹெர் வைட்மான்தான். என்னைக் கூப்பிட்டு, வாசித்துக் காட்டி, "இதை எழுதாமல் விட்டால் ரெண்டாந்தரம் பார்க்காமல் கையொப்பம் வைச்ச ஆளாவன்" என்றார். தனக்கும் ஒன்று எழுதித் தரும்படி மேலிடத்திடம் அவரே கேட்டிருந்தார், அவருக்கும் வந்தது. அந்த வருடம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு வழக்கமான ஒரு வருடம் கிடைக்கவில்லை. ஆறு மாதம்தான் தந்தார்கள். அந்த ஆறு மாதமும் ஒவ்வொரு கடிதத்தையும் வாசலில் நின்றபடியே உடைத்தேன். பிறகு சரியாகிவிட்டது. அதற்கிடையில் மற்ற மூன்று கட்டுகளையும் ஹெர் வைட்மானும் நானும் இருந்து, துளைக்குத் துளை, கறைக்குக் கறை பொருத்தி, முடிந்தவரை பழைய ஒழுங்குக்குக் கொண்டுவந்தோம். ஒரு கட்டில் ஒன்பது தாள்களுக்கு இடம் கடைசிவரை தெரியவில்லை. அந்த ஒன்பதும் தனி உறையில் இருக்கின்றன. உறையின் மேல், பிரித்தவர் என்று என் பெயர் இருக்கிறது.

நகரசபையின் கூட்டக் குறிப்பை நான் பிறகு பெட்டியில் வைத்தபோது வாசித்தேன். "காப்பகத்தின் தகவலின்படி" என்று இருந்தது. பத்திரிகையில் "நிபுணர் ஒருவர் கண்டுபிடித்தார்" என்று வந்தது. இருபது பக்க அறிக்கையில் என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் கையொப்பம் வைத்த அறிக்கையும் அந்த நிபுணரின் கோப்போடு மேலிடத்துக்குப் போனது, திரும்பி வரவில்லை.

1977இல், ஊழியர் கோப்புகளைப் பார்க்கும் ஆளணிப் பிரிவிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். ஐந்து வருடம் கறையில்லாமல் வேலை செய்துவிட்டேன், விண்ணப்பம் ஒன்று நிரப்பினால் கண்டனக் கடிதத்தை என் கோப்பிலிருந்து எடுத்து அழித்துவிடலாம் என்றார். விண்ணப்பத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். கோப்பைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தந்தார். கடிதத்தின் இரண்டாம் பந்தியில் ஹெர் வைட்மானின் வசனம் இருந்தது: குறித்த ஊழியர், தாம் விதிக்கு மாறாகப் பிரித்த தாளைத் தாமே வாசித்து, அதன் இடத்தைத் தாமே அடையாளம் கண்டு, கேட்பாரில்லாமல் தாமே வந்து அறிவித்தார்.

நான் விண்ணப்பத் தாளைத் திருப்பித் தள்ளினேன்.

"ஏன், ஹெர் துரை? இது உங்களுக்குக் கூடாத கடிதமெல்லோ?" என்றார் அந்த அம்மா.

"ஓம், கூடாததுதான்," என்றேன். "ஆனால் அந்த வீடுகளைக் காப்பாத்தினது நான் எண்டு சொல்ல இந்த ஊரில மிஞ்சியிருக்கிற ஒரே தாள் இது."